அப்பா, அம்மா! நீங்களும் திடலுக்கு வாருங்கள்

"விடியறதுக்கு முன்னே எழுந்து மரம் வெட்டப் போறோம். வெயில் ஏற ஏறப் பாலைச் சுமக்கிறோம். இதுக்கு மேலேயும் உடற்பயிற்சியா? நாங்க என்ன ஆபீசிலயா உட்கார்ந்திருக்கோம்?"

உடல்நலம் பற்றிப் பேச்செடுத்தால் நம் தோட்டத்துச் சகோதரர்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நீங்கள் வேர்வை சிந்துவதை உங்கள் பிள்ளை பார்க்கிறதா? நீங்கள் வேலைக்குப் புறப்படும்போது அது தூங்குகிறது. நீங்கள் காட்டில் இருக்கும்போது அது பள்ளியில் இருக்கிறது. வீட்டில் அது பார்ப்பதெல்லாம் தொலைக்காட்சி முன் கால் நீட்டிப் படுத்திருக்கும் அப்பாவையும், அடுப்படியை விட்டு நகர முடியாத அம்மாவையும்தான். பிறகு, "எந்நேரமும் போனையே பார்க்கிறியே, வெளியே போய் விளையாடு" என்று அதட்டினால் கேட்குமா?

இது சின்ன விஷயமல்ல. சுகாதார அமைச்சு 2019-ல் நடத்திய நாடு தழுவிய ஆய்வில், 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 100-க்கு ஏறக்குறைய 30 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுடன் இருந்தார்கள். 2023 ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தது. நம் இந்தியர்களிடையே இந்நோய் அதிகம். அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது.

ஓடியாடும்போது தசைகள் ரத்தத்திலுள்ள சீனியை எடுத்து எரிக்கின்றன. இருதயம் பலப்படுகிறது. குதிப்பதும் ஓடுவதும் வளரும் எலும்புக்கு உரம் போட்ட மாதிரி. அதனால்தான் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் நாளுக்குச் சராசரி 60 நிமிடம் நன்றாக ஓடியாட வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் கூறியது. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது வேண்டும். தோட்ட வேலையிலேயே நீங்கள் இதைத் தாண்டியிருக்கலாம். ஆனால் உங்கள் வேலை பிள்ளையின் உடம்பில் சேராதே!

என்ன செய்யலாம்? மாலை ஐந்தரைக்கு மேல், வெயில் தணிந்ததும், பிள்ளையோடு வெளியே வாருங்கள். முதல் வாரம் 15 நிமிடம் போதும். லயத்துக்கு முன்னால் இரண்டு கம்பை நட்டுக் கயிறு கட்டினால் பூப்பந்து ஆடலாம். நாலு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்தால் சடுகுடு ஆடலாம். பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மா மகளோடு கயிறு தாண்டலாம். அதற்கு நேரம் கிடைக்க, அப்பா ஒரு நாள் பாத்திரம் கழுவினால் என்ன குறைந்துவிடும்? தாத்தா பாட்டி நடந்துவிட்டு வந்து புள்ளி எண்ணட்டும்.

இதைத் தண்டனை ஆக்கிவிடாதீர்கள். "குண்டாயிட்டே, ஓடு!" என்றால் பிள்ளைக்கு வெறுப்புத்தான் வரும். நீங்கள் தோற்றாலும் சிரியுங்கள். அப்பாவை ஜெயித்த பிள்ளை மறுநாள் தானே வந்து கையைப் பிடித்து இழுக்கும். ஆடி முடித்ததும் கலர் தண்ணீர் வேண்டாம், வெறும் தண்ணீர் கொடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இருதய நோய் உள்ளவர்களும், இனிப்பு நீருக்கு ஊசி அல்லது மருந்து எடுப்பவர்களும் முதலில் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆடும்போது நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள். வலி விடாவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புகைமூட்ட நாட்களில் வெளியே ஆட வேண்டாம்.

தோழர்களே! நமக்குச் சொத்து சுகம் சேர்த்துவைக்க முடியாமல் போகலாம். நல்ல பழக்கத்தைச் சேர்த்துவைக்கக் காசு தேவையில்லை. இன்று மாலையே செருப்பை மாட்டிக்கொண்டு பிள்ளையைக் கூப்பிடுங்கள்: "வாடா, ஓர் ஆட்டம் போடலாம்!"