காட்சி இணைப்பும் கலைச்சொல்லாக்கமும்

1. முன்னுரை

நிகழ்படத் தொகுப்பு மென்பொருள்களில் இரண்டு காட்சித் துண்டுகளை உறுத்தலின்றி இணைக்கும் உத்திகள் ஆங்கில வழக்கில் 'டிரான்சிஷன்' எனப்படுகின்றன. இதனைத் தமிழில் 'மாற்றம்' என்றோ 'இடைமாற்றம்' என்றோ பெயர்ப்பது எளிது. ஆனால் 'மாற்றம்' என்னும் சொல் நிறம், அளவு, வேகம் முதலியவற்றை மாற்றும் கட்டளைகளுக்கும் வேண்டப்படுகிறது. 'இடைமாற்றம்' என்பதோ இரு துண்டுகளுக்கும் நடுவே மூன்றாவது பொருளொன்று செருகப்படுவதாகக் கருதச் செய்கிறது. பெரும்பாலான இணைப்புகளில் நிகழ்வது செருகல் அன்று. முதல் துண்டின் இறுதியும் அடுத்த துண்டின் தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று படிவதேயாகும். இச்செயற்பாட்டை விளக்கி, அதற்குப் பொருந்தும் சொற்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

2. இணைப்பு வகைகள்

ஒரு துண்டு முடிந்த மறுகணமே அடுத்தது தொடங்குவது வெட்டு. படம் படிப்படியாக இருண்டு மறைவதும் இருளிலிருந்து தோன்றுவதும் 'ஃபேட்' எனப்படும். முதற்படம் மங்க மங்க அதன் ஊடாகவே அடுத்த படம் தெளிவுறுவது 'டிசால்வ்'. ஒரு படத்தின் விளிம்பு நகர்ந்து மற்றதை மறைத்துச் செல்வது 'வைப்'.

இவற்றுள் 'ஃபேட்', 'டிசால்வ்' என்னும் இரண்டையும் 'மறைவு' என்ற ஒரே சொல்லால் குறித்தல் பொருந்தாது. முன்னதில் இரு படங்களும் ஒருங்கே தோன்றுவதில்லை. அவற்றின் இடையே இருள் நிற்கிறது. பின்னதில் ஒன்றன் பங்கு நூறிலிருந்து சுழியாகக் குறைய, மற்றதன் பங்கு சுழியிலிருந்து நூறாக உயர்கிறது; நடுப்புள்ளியில் இரண்டும் சரிபாதி. 'டிசால்வ்' என்னும் வழக்கு திரைப்படத்திற்கும் முற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் விளக்குப்படக் காட்சிகளில் இரு விளக்குகளை ஒரே திரையின்மேல் செலுத்தி, ஒன்றை மங்கச் செய்து மற்றதை ஒளிரச் செய்தனர். பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியெஸ் 1899இல் எடுத்த 'சிண்ட்ரெல்லா' படத்தில் காட்சிகளை இணைக்க இவ்வுத்தியைக் கையாண்டார். எனவே, இரண்டு ஒருங்கே இருத்தல் என்பது இச்சொற்பொருளின் அடிப்படைக் கூறாகும்.

3. மேற்படிவும் மிகைப்பகுதியும்

நொடிக்கு 25 சட்டகங்கள் ஓடும் படமொன்றில், வெட்டுப்புள்ளியை நடுவாகக் கொண்டு 2 நொடி 'டிசால்வ்' அமைப்பதாகக் கொள்வோம். மேற்படிவின் நீளம் 50 சட்டகங்கள். வெட்டுப்புள்ளிக்குப் பின்னரும் முதல் துண்டு 25 சட்டகங்கள் தொடரவேண்டும்; அப்புள்ளிக்கு முன்னரே அடுத்த துண்டு 25 சட்டகங்கள் தொடங்கவேண்டும். பதிவாகியும் தொகுப்பில் காட்டப்படாத இப்பகுதிகளே ஆங்கிலத்தில் 'ஹேண்டில்' எனப்படுகின்றன. இருளின் வழிச் செல்லும் 'ஃபேட்' இணைப்புக்கு இவை வேண்டியதில்லை. அது துண்டுகளின் காட்டப்படும் பகுதிக்குள்ளேயே முடிந்துவிடும்.

இப்பகுதி போதாதபோது 'இன்சஃபிஷியன்ட் மீடியா' என மென்பொருள் எச்சரிக்கும். இதனைப் 'போதிய ஊடகம் இல்லை' எனப் பெயர்த்தால், வட்டில் இடமில்லை என்றோ கோப்பு காணாமற்போயிற்று என்றோ பயில்வோர் கருத நேரும். எச்சரிக்கையை மீறி இணைத்தால் இறுதிச் சட்டகமே திரும்பத்திரும்ப வந்து அசைவு உறைந்துவிடும். 'துண்டின் முனையில் மிகைப்பகுதி போதவில்லை' என்று பெயர்ப்பின், துண்டைச் சற்றுக் குறைக்கவேண்டும் என்ற தீர்வும் அதனுள்ளேயே அமைகிறது. 'ஹேண்டில்' என்பதற்குக் 'கைப்பிடி' என்னும் நேர்ச்சொல் இவ்விளக்கத்தைத் தருவதில்லை.

2003இல் பிரீமியர் புரோ வெளிவருமுன் இருந்த பிரீமியர் பதிப்புகளில் இரு துண்டுகளையும் தனித்தனித் தடங்களில் வைத்து, அவை மேற்படியும் இடத்தைக் கண்ணால் காணும் முறை இருந்தது. ஒரே தடத்தில் துண்டுகளை அடுத்தடுத்து வைக்கும் முறையில் மேற்படிவு கண்ணுக்குப் புலனாவதில்லை. திரை காட்டாததைச் சொல் காட்டவேண்டியுள்ளது.

4. ஒலி இணைப்பு

ஒலியிலும் மேற்படிவு உண்டு. இரு வேறு ஒலிகளின் வீச்சை நேர்கோட்டு விகிதத்தில் குறைத்தும் கூட்டியும் இணைத்தால், நடுப்புள்ளியில் மொத்த ஆற்றல் பாதியாகி 3 டெசிபல் தாழ்வு ஏற்படும். ஆற்றல் மாறாதிருக்கும்படி வளைகோட்டு விகிதத்தைக் கையாள்வது இக்குறையை நீக்கும்.

படத்திற்கு முன்னரே அடுத்த காட்சியின் ஒலி தொடங்குவது 'ஜே கட்'; படம் மாறிய பின்னும் முந்தைய ஒலி நீடிப்பது 'எல் கட்'. தடங்களில் துண்டுகள் கிடக்கும் தோற்றம் அவ்வாங்கில எழுத்துகளை ஒத்திருத்தலின் இப்பெயர்கள் வந்தன. தமிழில் எழுத்துவடிவ ஒப்புமைக்கு இடமில்லை. 'ஒலி முந்து வெட்டு', 'ஒலி பிந்து வெட்டு' என்பன செயலையே பெயராக்குவதால் விளக்கமின்றியே புரிவன.

5. புணர்ச்சி மரபின் பயன்பாடு

நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் சந்திக்கும் இடத்தை நுணுகி ஆராய்ந்தது தமிழ் இலக்கண மரபு. வெட்டினை இயல்புப் புணர்ச்சியோடும், ஏனையவற்றை விகாரப் புணர்ச்சியோடும் ஒப்பிடலாம். இரு துண்டுகளுக்கும் உரியதல்லாத இருள் நடுவே வருவது உடம்படுமெய் தோன்றுவதை ஒத்தது. 'டிசால்வ்' என்பதோ முனைகளே கலந்து திரிவது. எனினும் இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு: புணர்ச்சியில் சந்திக்கும் எழுத்துகளும் இலக்கண விதியும் விகாரத்தை முடிவு செய்யும்; படத்தொகுப்பில் தொகுப்பாளரே தெரிவு செய்கிறார்.

இம்மரபை ஒட்டி, முதல் துண்டை 'நிலைத்துண்டு' என்றும் அடுத்ததை 'வருதுண்டு' என்றும் வழங்கலாம். இவ்விரு சொற்களும் அமைந்தால் 'நிலைத்துண்டின் ஈற்றில் மிகைப்பகுதி இல்லை' என்பன போன்ற தொடர்கள் சுருக்கமும் தெளிவும் பெறும். 'டிரான்சிஷன்' என்பதற்கு 'இணைப்பு', 'டிசால்வ்' என்பதற்குக் 'கலந்திணைவு', 'ஃபேட்' வகைகளுக்கு 'இருண்டு மறைதல்', 'இருளினின்று தோன்றல்', 'வைப்' என்பதற்குத் 'துடைப்பு' ஆகியன பொருந்துவன.

6. முடிவுரை

படத்தொகுப்புக் கூடங்களில் 'கட்', 'டிசால்வ்' முதலிய சொற்கள் தமிழ்ப் பேச்சில் வேரூன்றிவிட்டன. அவற்றை விலக்குதல் கலைச்சொல்லாக்கத்தின் முதற்பணியன்று. முதன்முறையாக மென்பொருளைத் தமிழில் பயில்பவர் ஓர் எச்சரிக்கையைப் படித்தவுடன் தம் பிழையைத் தாமே திருத்திக்கொள்ள இயலுமா என்பதே சொற்றேர்வின் அளவுகோலாதல் வேண்டும்.