மூட்டை தூக்க வந்த எந்திரம்! தகட்டில் உள்ள எடையைத் தாண்டினால் ஆபத்து

சென்னை–

தலையில் சும்மாடு, தோளில் மூட்டை, வாயில் "வழி, வழி!" என்ற கூச்சல். சென்னை குடோன் என்றால் ஒரு காலத்தில் இதுதான்.

இன்று மாதவரம், செங்குன்றம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் உள்ள பெரிய குடோன்களில் "பீப், பீப்" சத்தம்தான் முதலில் காதில் விழுகிறது. போர்க்லிப்ட் வண்டி! முன்னால் இரண்டு இரும்புக் கை, பின்னால் கனத்த உடம்பு. 50 கிலோ சிமெண்ட் மூட்டைகளை 40 நடை நடந்து இறக்கிய வேலையை, பலகையில் அடுக்கிக் கொடுத்தால் ஒரே தூக்கில் முடித்துவிடும்.

முதுகுக்கு நிம்மதிதான். ஆனால் கவனம் தப்பினால் இது ஆளைக் கொல்லும் வண்டி. லாரி மோதினால் தெருவில் நாலு பேர் பார்க்கிறார்கள். குடோனுக்குள் நடப்பது வெளியே தெரிவதில்லை.

தராசுக் கணக்கு

கடைக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். போர்க்லிப்ட் ஒரு தராசு. முன் சக்கரம்தான் நடு முள். ஒரு பக்கம் சரக்கு, மறு பக்கம் வண்டியின் பின்பாரம். 2 டன் தூக்கும் வண்டியின் சொந்த எடை 3 டன்னுக்கு மேல் இருப்பது இதனால்தான்.

வண்டியில் ஒரு தகடு அடித்திருப்பார்கள். "2000 கிலோ, 500 மில்லி மீட்டர்" என்பது போல அதில் எழுதியிருக்கும். முதல் எண்ணை மட்டும் படித்தால் போச்சு! சரக்கின் நடுப்பாரம் இரும்புக் கையின் அடிமூலையில் இருந்து எவ்வளவு தூரம் தள்ளி இருக்கலாம் என்பதைச் சொல்வது இரண்டாவது எண். பெட்டி நீளமாகி, நடுப்பாரம் அரை மீட்டரைத் தாண்டினால், 2 டன் வண்டி 2 டன் தூக்காது. உயரே போகப் போக இன்னும் குறையும்.

"பின்னாடி ரெண்டு பேரை ஏத்திக்கிட்டா சரியாப்போகும்" என்று நினைப்பவர்களும் உண்டு. அது எமனுக்கு வெற்றிலை பாக்கு வைக்கிற வேலை. டியூப் லைட் மாட்டுவதற்காக ஆளை இரும்புக் கையில் நிற்க வைத்துத் தூக்குவதும் அப்படியே.

குதிக்காதீர்கள்!

காருக்கு முன் சக்கரம் திரும்பும். இதற்குத் திரும்புவது பின் சக்கரம். அதனால் வளைக்கும்போது வால் பக்கம் வீசி அடிக்கும். பக்கத்தில் நிற்கிற ஆள் வண்டிக்கும் சுவருக்கும் நடுவே நசுங்குவது இப்படித்தான். சரக்கை உயரத் தூக்கிக்கொண்டே வேகமாக வளைத்தால் வண்டி பக்கவாட்டில் சாய்ந்துவிடும். ஓடும்போது இரும்புக் கை தரையில் இருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருக்க வேண்டும்.

கவிழும்போது டிரைவர் குதித்தால்? தலைக்கு மேல் உள்ள இரும்புக் கூரை அவர் மேலேயே வந்து விழும். பெல்ட் போட்டு, ஸ்டீரிங்கை இறுகப் பிடித்து, எதிர்ப்பக்கம் சாய்ந்து, சீட்டிலேயே இருக்க வேண்டும் என்றுதான் பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது உட்கார்ந்து ஓட்டும் போர்க்லிப்ட் டிரைவராக இருந்தால், இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது இன்று ராத்திரி சொல்லி வையுங்கள்.

நடந்து வரும் அலமாரி

டிரைவரே வேண்டாம் என்கிற காலமும் வந்துவிட்டது. அமெரிக்காவில் அமேசான் கம்பெனி 2012-ல் கிவா என்ற கம்பெனியை 77½ கோடி டாலருக்கு வாங்கியது. கிவா செய்தது தரையை ஒட்டி ஓடும் தட்டையான எந்திரம். அலமாரிக்கு அடியில் புகுந்து, அலமாரியோடு தூக்கிக்கொண்டு ஆள் நிற்கும் இடத்துக்கே வரும். சரக்கைத் தேடி ஆள் நடந்த காலம் போய், ஆளைத் தேடிச் சரக்கு வருகிறது! தன்னிடம் உள்ள ரோபோக்கள் 10 லட்சத்தை எட்டிவிட்டதாக அமேசான் 2025-ல் அறிவித்தது.

நம் நாட்டிலும் நொய்டாவில் 2016-ல் தொடங்கிய அட்வெர்ப் கம்பெனி இந்த மாதிரி எந்திரங்களைச் செய்கிறது. 2022-ல் ரிலையன்ஸ் அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது.

சென்னை துறைமுகத்துக்கு இந்தக் கதை பழசு. 1983-ல் கன்டெய்னர் முனையம் வந்தது. மூட்டை மூட்டையாக இறங்கிய சரக்கு, பெட்டி பெட்டியாகக் கிரேனில் இறங்க ஆரம்பித்தது.

பார்த்ததற்குக் கூலி

சரி, லோடுமேன் என்ன செய்வார்? கேரளாவில் வேடிக்கையான வழக்கம் ஒன்று இருந்தது. எந்திரம் சரக்கை இறக்கினாலும், பக்கத்தில் நின்று பார்த்த சுமைத் தொழிலாளிக்குப் பணம் தர வேண்டும். அதற்கு "நோக்குக்கூலி" என்றே பெயர். ரகளை அதிகமாகி, 2018 மே 1 முதல் அந்த அரசே அதற்குத் தடை போட்டது.

இங்கே அந்த வழக்கம் இல்லை. இருப்பது 1982-ம் ஆண்டு தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், அதன் கீழ் உள்ள நல வாரியமும்தான். 18 முதல் 60 வயது வரை உள்ள சுமை தூக்குவோர் அதில் பதிவு செய்யலாம். விபத்து உதவி, பிள்ளைகள் படிப்புக்குப் பணம், 60 வயதுக்குப் பின் பென்ஷன் எல்லாம் பதிவு செய்தவருக்குத்தான். அன்றாடம் ரொக்கமாகக் கூலி வாங்கிப் போகும் லோடுமேனிடம் வேறு ரசீது ஏது? தான் மூட்டை தூக்கியவர் என்று எழுத்தில் காட்ட அந்த அட்டை ஒன்றுதான்.