ஓடுபாதைகளின் ஆயுளைக் கணிப்பது யார் பொறுப்பு?

புதுதில்லி: தில்லி விமான நிலையத்தின் நான்கு ஓடுபாதைகளில் ஒன்று 2025 ஏப்ரலில் சீரமைப்புக்காக மூடப்பட்டது. கீழைக்காற்று வீசத் தொடங்கியதும் எஞ்சிய மூன்றைக் கொண்டு சமாளிக்க இயலவில்லை. ஏராளமான விமானங்கள் தாமதமாயின. பயணிகளின் அதிருப்தி பெருகவே, மே மாதத் தொடக்கத்தில் பணி ஒத்திவைக்கப்பட்டு, பாதை மீண்டும் திறக்கப்பட்டது. ஜூன் மாதத்தில்தான் வேலையைத் தொடர முடிந்தது.

முன்னறிவிப்புடன் மூடியதற்கே இந்தப் பாடு. எந்தப் பாதை எந்த ஆண்டில் பழுதுபார்க்கப்பட வேண்டும் என்பதை முன்கூட்டியே கணிப்பதன் அவசியம் இதிலிருந்து விளங்கும்.

அதற்கான வழிமுறைகள் புதியவை அல்ல. தளத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, வெடிப்பு, பள்ளம், பெயர்ந்த ஜல்லி ஆகியவற்றைக் கணக்கிட்டு நூற்றுக்கு மதிப்பெண் இடுகின்றனர். மேற்பரப்பைப் பார்த்தால் மட்டும் போதாது. கனமான எடையைத் தளத்தின்மீது விழச் செய்து, அது எவ்வளவு அமிழ்கிறது என்பதைக் கருவிகளால் அளக்கும்போது அடியிலுள்ள அடுக்குகளின் வலிமை தெரிய வருகிறது. இச்சோதனைகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்து, முடிவுகளைக் கோடாக இணைத்தால் தளம் நலிவடையும் போக்கு புலப்படும். தொடக்கத்தில் மெதுவாக இறங்கும் அக்கோடு, ஒரு கட்டத்துக்குப் பின் செங்குத்தாகச் சரியும். சரிவுக்கு முன் செய்யும் பழுதுக்குச் செலவு குறைவு. பின்னர் தளத்தையே சுரண்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டியதுதான்.

உராய்வு இன்னொரு சிக்கல். தரையிறங்கும் சக்கரங்களிலிருந்து ரப்பர் தேய்ந்து தளத்தில் படிகிறது. மழை பெய்தால் அந்த இடம் வழுக்கும்.

கோழிக்கோடு ஓடுபாதையில் வெடிப்புகள், நீர்த் தேக்கம், அளவுக்கு மீறிய ரப்பர் படிவு ஆகியவை காணப்பட்டதாக 2019 ஜூலையில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்நிலைய இயக்குநரிடம் விளக்கம் கேட்டது. 2020 ஆகஸ்டில் அங்கு 21 உயிர்களைப் பலிகொண்ட விபத்துக்கு, விமானி நடைமுறைகளைப் பின்பற்றாததே காரணம் என விசாரணை அறிக்கை கூறியது. எனவே அந்த நோட்டீஸையும் விபத்தையும் முடிச்சுப் போடுவது நியாயமல்ல. ஆனால், வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டும்வரை நிலையத்தின் சொந்தப் பதிவேடுகள் என்ன சொல்லிக்கொண்டிருந்தன என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அப்பாதைக்குப் புதிய தளமிடும் பணிக்காகப் பகல்நேர விமானங்கள் நிறுத்தப்பட்டது 2023 ஜனவரியில்தான்.

2021 நவம்பர் முதல், மழைக்காலத்தில் ஓடுபாதையின் நிலை 0 முதல் 6 வரையிலான குறியீட்டால் விமானிகளுக்குத் தெரிவிக்கப்படுகிறது. அது அந்த நேரத்து ஈரத்துக்கு உரிய எண். அடுத்த பத்தாண்டில் அத்தளம் எந்நிலையில் இருக்கும் என்ற கணிப்பு பொறியாளர்களின் கோப்புகளைத் தாண்டி வருவது அரிது. புதிய முனையங்களின் திறப்பு விழாக்களில் அது பேசப்படுவதும் இல்லை.