கோழியின் ஈரல் சொல்லும் செய்தி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

ஆவடியை அடுத்த எங்கள் பகுதியில் கோழி செத்தால் காரணம் தேடுவார் இல்லை. ‘கழிச்சல் கண்டுவிட்டது’ என்று ஒரே சொல்லில் கதையை முடித்துவிடுவார்கள். சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் எட்டுக் கோழிகளில் ஐந்து ஒரே வாரத்தில் மாண்டன. ‘தடுப்பு மருந்து போட்டும் ஏன் செத்தன?’ என்று அம்மா கேட்டார். விலங்கியல் படிக்கும் எனக்கு விடை தெரியவில்லை. செத்த கோழி ஒன்றைப் பையில் கட்டிக் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றேன்.

மருத்துவர் அதை அறுத்துக் காட்டினார். செம்பழுப்பாக இருக்கவேண்டிய கல்லீரல் வீங்கி, பச்சை கலந்த வெண்கல நிறத்தில் இருந்தது. மண்ணீரல் இரண்டு மூன்று மடங்கு பெருத்திருந்தது. “இது கழிச்சல் இல்லை தம்பி, கோழி டைபாய்டு” என்றார்.

வைரஸ் வேறு, பாக்டீரியா வேறு

நாம் வெள்ளைக்கழிச்சல் என்பது ராணிக்கெட் நோயாகும். (ராணிக்கெட் இமயமலைப் பகுதியில் உள்ள ஊர், நம் இராணிப்பேட்டை அன்று. ஆனால் 1932-இல் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இருப்பது இராணிப்பேட்டையில்!) அந்நோய் வைரஸால் வருவது. அதற்குரிய தடுப்பு மருந்து பாக்டீரியாவைத் தடுக்காது.

கோழி டைபாய்டை உண்டாக்குவது சால்மொனெல்லா கேலினாரம் என்னும் பாக்டீரியா. எச்சம் கலந்த தீவனம், தண்ணீர் வழியாகக் குடலை அடைந்து இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்தை வடிகட்டும் உறுப்புகளான கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிப் பெருகுகிறது. சிவப்பணுக்கள் அழிவதால் கொண்டை வெளுக்கிறது. எச்சம் பச்சை கலந்த மஞ்சளாகிறது.

உறுப்புக்கு உறுப்பு அடையாளம்

ஒவ்வொரு பாக்டீரியாவும் உடலுக்குள் தன் முத்திரையை இட்டுச் செல்கிறது. கோழிக் காலராவில் இதயத்தின் மேல் இரத்தப் புள்ளிகளும், ஈரலில் ஊசிமுனை போன்ற வெண்புள்ளிகளும் தோன்றும். பாஸ்டர் 1880-ஆம் ஆண்டு வாக்கில் வீரியம் குறைந்த கிருமியைக் கொண்டு தடுப்பு முறை கண்டது இந்த நோய்க்கே. எஷ்ஷரிச்சியா கோலை தாக்கினால் தெளிந்திருக்கவேண்டிய காற்றுப்பைகள் கலங்கிவிடும். இதயத்தையும் ஈரலையும் வெண்ணிற ஏடு போர்த்திவிடும். பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகள் உடலெங்கும் தொடர்புற்றிருப்பதால், மூச்சில் புகுந்த கிருமி வயிற்றறை வரை செல்வது எளிது. கொரைசா என்னும் நோயிலோ முகமும் கண்ணைச் சுற்றிய பகுதியும் வீங்கும்.

பிழைத்த கோழி

“பிழைத்ததை அடை வைக்காதீர்கள்” என்றும் மருத்துவர் எச்சரித்திருந்தார். நோயினின்று தேறிய பெட்டையின் முட்டைப்பையில் கிருமி தங்கியிருந்து, முட்டை வழியே குஞ்சுக்குச் செல்லக்கூடும். பிழைத்த மூன்றில் ஒன்று அம்மாவின் செல்லப் பெட்டை. அதன் முட்டை விற்ற காசும் சேர்ந்துதான் என் தேர்வுக் கட்டணம் கட்டப்பட்டது. அம்மாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடை வைத்தார். ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. பத்து நாளில் ஆறு செத்தன. படித்ததைச் சொல்லாமல் விட்டது என் தவறே.

நாம் செய்யவேண்டியவை

செத்த கோழியை ஏரிக்கரையிலோ வெற்றிடத்திலோ எறியாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கவேண்டும். நோயுற்றதை விற்கக் கூடாது. இக்கிருமி பொதுவாக மனிதரைத் தாக்குவதில்லை. ஆயினும் இதன் இனத்தைச் சேர்ந்த பிற சால்மொனெல்லாக்கள் நமக்கு உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும். ஆகவே இறைச்சியும் முட்டையும் நன்கு வேகவேண்டும். மருத்துவரைக் கேளாமல் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறிவிடும். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் பயன்படும் கோலிஸ்டின் மருந்தைக் கோழிகளுக்குக் கொடுப்பதை மத்திய அரசு 2019-இல் தடை செய்தது இக்காரணத்தால்தான்.

இப்போது எங்கள் தெருவில் கோழி செத்தால் அம்மா கேட்கும் முதல் கேள்வி, “ஈரல் எந்த நிறம்?” என்பதே. ஆய்வுக்கூடத்தில் நாம் கற்பது வீட்டுக் கொல்லைக்கும் சென்று சேரட்டும்!