கப்பம் யார் தலையில்?

1904 மே 18இல், மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில் வசித்த செல்வந்தர் அயோன் பெர்டிகாரிஸையும் அவரது மனைவியின் மகனையும் மலைநாட்டுத் தலைவன் அஹ்மத் ரைசூனி கடத்திச் சென்றான். அவன் கப்பம் கேட்டதோ சுல்தான் அப்துல் அஸீஸிடம்!

“அமெரிக்கப் பிரஜையைக் கடத்துவதா?” என்று கொதித்த ஜனாதிபதி ரூஸ்வெல்ட் யுத்தக் கப்பல்களை அனுப்பினார். நெருக்கடி தாங்காத சுல்தான் 70,000 டொலர் கொடுத்தார், கைதிகள் மீண்டனர்.

ஆனால் பெர்டிகாரிஸ் 1862லேயே கிரேக்கப் பிரஜாவுரிமை பெற்றிருந்தார். கைதிகள் மீளுமுன்பே வாஷிங்டன் இதையறிந்தும் வெளியிடவில்லை. உண்மை அம்பலமானது 1933இல்தான்.

கடத்தியவனுக்குப் பதவி கிடைத்தது. கப்பல் அனுப்பியவர் அவ்வாண்டுத் தேர்தலில் வென்றார். கப்பச் சுமையோ பலமிழந்த நாட்டின் தலையில்! 1912இல் அந்நாடே அந்நியர் வசமானது. பலவீனத்தின் விலை எவ்வளவு, சிந்தித்தீர்களா?