ஊசி போட்ட கையும் உத்தரவிட்ட நாவும்

ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றதும் நம் நெஞ்சில் நிம்மதி பிறக்கிறது. நோயாளியின் உயிரை, அதில் வருபவர்களிடம் அமானிதமாக ஒப்படைத்து விடுகிறோம். அந்த அமானிதம் பாழானால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? மருந்தைச் செலுத்தியவரா? செலுத்தச் சொன்ன மேலவரா? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு இவ்வினாவை எழுப்பியது.

2019 ஆகஸ்ட் 24ஆம் நாள் இரவு. டென்வரை அடுத்துள்ள அரோரா நகரில், எலைஜா மெக்லைன் என்ற 23 வயதுக் கறுப்பின இளைஞர் கடைக்குச் சென்று வீடு திரும்பிக் கொண்டிருந்தார். முகமூடி அணிந்து நடந்த அவரைக் கண்டு ஐயுற்ற ஒருவர் அவசர எண்ணுக்குத் தகவல் தந்தார். இளைஞர் எக்குற்றமும் செய்திருக்கவில்லை, ஆயுதமும் வைத்திருக்கவில்லை. ஆயினும் போலீஸார் அவரை வழிமறித்து, கழுத்தை இறுக்கி, தரையில் வீழ்த்தி விலங்கிட்டனர். மூச்சு விட முடியவில்லை என்று அவர் மன்றாடினார்.

அங்கு வந்த தீயணைப்புத் துறையின் மருத்துவ உதவியாளர்கள் இருவர், அவர் வெறிநிலையில் இருப்பதாகக் கருதினர். அவர்களுள் மூத்த அதிகாரி, கெட்டமின் என்னும் மயக்க மருந்தைக் கொடுக்க முடிவெடுத்தார். மற்றவர் ஊசி போட்டார். உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பது அவர்களுக்கு விதிக்கப்பட்டிருந்த அளவு. இளைஞரின் எடையோ ஏறத்தாழ 65 கிலோ. அதற்கு 325 மில்லிகிராமே கணக்கு. ஆனால் 90 கிலோ என்று கண்ணால் மதித்து, 500 மில்லிகிராம் செலுத்தினர். சற்று நேரத்தில் அவரது இதயத் துடிப்பு நின்றது. ஆகஸ்ட் 30 அன்று உயிர் பிரிந்தது.

தொடக்கத்தில் எவர் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. மக்கள் போராட்டத்திற்குப் பின்னர், 2021இல் போலீஸார் மூவர் மீதும் மருத்துவ உதவியாளர் இருவர் மீதும் குற்றம் சாட்டப்பட்டது. தாங்கள் பெற்ற பயிற்சியின்படியே நடந்ததாக உதவியாளர்கள் வாதிட்டனர். மருந்து கொடுக்கும் முன் நோயாளியை அவர்கள் முறையாகப் பரிசோதிக்கவில்லை என்றது அரசுத் தரப்பு. 2023 டிசம்பர் 22 அன்று, கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்திற்காக இருவரையுமே குற்றவாளிகள் என ஜூரிகள் தீர்ப்பளித்தனர். மூத்தவர் மீது, முறைகேடாக மருந்து செலுத்திய குற்றமும் கூடுதலாகச் சுமந்தது. அவருக்கு 2024 மார்ச்சில் 5 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. செப்டம்பரில் நீதிபதி அதனை 4 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பாகக் குறைத்தார்.

இவ்வாறு தண்டித்தால், உயிர் காக்க ஓடி வருவோர் தயங்கி நின்றுவிட மாட்டார்களா? இது புறக்கணிக்கத்தக்க அச்சமன்று. ஆனால் மனிதருக்கு நேரும் ஒவ்வொரு பிழையையும் கொலராடோ சட்டம் குற்றமாக்குவதில்லை. கடமையுணர்வுள்ள ஒருவர் காட்டும் கவனத்திலிருந்து பெரிதும் வழுவியிருந்தால்தான் அது குற்றமாகிறது. அதனை நிர்ணயிக்கையில் 'மேலவர் சொன்னார்' என்பது கீழவருக்குக் கேடயமாவதில்லை. 'ஊசியை நான் தொடவில்லை' என்பது மேலவரைக் காப்பதுமில்லை.

இத்தகைய நிலைகளில் கெட்டமின் கொடுப்பதற்கு 2021இலேயே கொலராடோ கடுமையான கட்டுப்பாடுகளை விதித்துவிட்டது. அம்மருந்தைக் கொடுக்கும்படி போலீஸார் உதவியாளரை ஏவக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. நோயாளிக்கு என்ன தேவை என்பதை, அவரைப் பரிசோதித்தவரே முடிவு செய்ய வேண்டும். அம்முடிவுக்கு அவரே பொறுப்பேற்கவும் வேண்டும்.