தறிக்கு எந்த லைட் வாங்கலாம்? வாட் மட்டும் பார்த்தால் போதாது... பட்டு நெசவாளர்கள் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்துக்குப் பெயரிலேயே பருத்தி இருக்கிறது. ஆனால், இந்த வட்டாரத்தின் அடையாளம் பட்டுத் தறிதான். வீட்டின் ஒரு பக்கத்தில் குழித்தறி, மேலே ஜக்கார்டு, நடுவில் தொங்கும் ஒரு பல்பு. பல நெசவாளர் வீடுகளில் இதுதான் காட்சி.

அந்த ஒரு பல்பை நம்பித்தான் ஆயிரக்கணக்கான பாவு இழைகளைக் கண்கள் கவனிக்க வேண்டும். ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காமல் நாலு விரற்கடை நெய்துவிட்டால், அதைப் பிரித்துச் சரிசெய்ய அரை நாள் போய்விடும். சேலை முடிந்த பிறகு குறை தெரிந்தால் கூலியிலேயே கை வைக்கும் நிலை. ஆனாலும் பல்பு வாங்கும்போது பெரும்பாலும் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: "எத்தனை வாட்?"

உண்மையில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அவை என்னென்ன? குறைந்த செலவில் நல்ல லைட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

வாட் வேறு, வெளிச்சம் வேறு

வாட் என்பது பல்பு இழுக்கும் மின்சாரத்தின் அளவு. எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பதைச் சொல்வது லூமென். பழைய 60 வாட் குண்டு பல்பு சுமார் 700 லூமென் வெளிச்சம் தரும். இப்போதைய 9 வாட் எல்இடி பல்பு சுமார் 900 லூமென் தருகிறது. அட்டைப் பெட்டியிலேயே லூமென் அளவு அச்சிடப்பட்டிருக்கும். வாங்கும் முன் அதைப் பாருங்க.

அந்த வெளிச்சம் துணியின் மேல் எவ்வளவு விழுகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. இதை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். பணியிட வெளிச்சத்துக்கான ஐரோப்பிய தரநிலை, நெசவு வேலைக்கு 500 லக்ஸ் தேவை என்கிறது. நிறம் சரிபார்க்கும் வேலைக்கு 1,000 லக்ஸ்.

900 லூமென் பல்பை மூன்றடி உயரத்தில் மூடி இல்லாமல் தொங்கவிட்டால், துணியில் விழுவது தோராயமாக 100 லக்ஸ் மட்டுமே. ஐந்தில் ஒரு பங்கு! அதே பல்பை ஒன்றரை அடிக்கு இறக்கினால் வெளிச்சம் நான்கு மடங்காகும். தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு என்பதுதான் கணக்கு. உள்பக்கம் வெள்ளையடித்த ஒரு தகர மூடியைப் பல்பின் மேல் மாட்டினால், வீணாக மேலே போகும் வெளிச்சமும் துணிப் பக்கம் திரும்பும். புது பல்பு வாங்கும் முன் செய்து பார்க்க வேண்டிய, செலவே இல்லாத வேலை இது.

அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே லைட் போதுமா?

போதாது. வயது ஏற ஏற, கண்ணுக்குள் போகும் வெளிச்சம் குறைகிறது. 60 வயதுக்காரரின் விழித்திரைக்குச் சேரும் வெளிச்சம், 20 வயதில் சேர்வதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். மகனுக்கு "இதுவே போதும்பா" என்று தோன்றும் லைட், அப்பாவுக்கு மங்கலாகத்தான் தெரியும். தறியில் உட்காருபவரின் வயதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்கள் கண் பரிசோதனையும் செய்துகொள்வது அவசியம். கண்ணாடி தேவைப்படும் கண்ணுக்கு லைட் மட்டும் தீர்வாகாது.

பாவின் நிறமும் முக்கியம். கருநீலம், கறுப்பு, அரக்கு போன்ற அடர் நிறங்கள் வெளிச்சத்தை விழுங்கிவிடும். வெளிர் நிறச் சேலைக்குப் போதுமான லைட், கருநீலப் பாவுக்குப் போதாமல் போவது இதனால்தான்.

நிறம் ஏமாற்றாமல் இருக்க...

காஞ்சிப் பட்டின் கோர்வை நெசவில் உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். நெய்துகொண்டிருக்கும்போது ஊடை நூல் தீர்ந்து, அடுத்த சாயத்தில் வந்த நூலைக் கோக்கும்போது இரண்டும் ஒரே நிறமா என்று பார்க்க வேண்டும். ஒரு லைட்டில் ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு நூல்கள், வெயிலில் வேறு வேறாகத் தெரிவது உண்டு.

இதற்குப் பார்க்க வேண்டிய எண் சிஆர்ஐ. நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு 100-க்குத் தரும் மதிப்பெண் போன்றது இது. கடைகளில் கிடைக்கும் சாதாரண எல்இடி பல்புகள் பெரும்பாலும் 80. அதில் சிவப்பு சற்று மங்கித் தெரியும். அரக்கும் குங்குமச் சிவப்பும் நிறைந்த பட்டுக்கு 90-க்கு மேல் இருந்தால் நல்லது. விலை கொஞ்சம் கூடும். எல்லாவற்றையும் மாற்ற முடியாவிட்டால், நூல் பார்க்க மட்டும் ஒரு 90 சிஆர்ஐ பல்பு வைத்துக்கொள்ளலாம்.

மஞ்சள் வெளிச்சமா, வெள்ளையா? பெட்டியில் கெல்வின் அளவு இருக்கும். 2,700 என்றால் மஞ்சள். அதில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். 6,500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. தறிக்கு 4,000 முதல் 5,000 வரை நடுத்தரமாக இருக்கும்.

கடைக்குப் போகும்போது கருநீலம், கறுப்பு, அரக்கு, காபி நிறம் என நாலு துண்டு நூலைக் கையோடு எடுத்துட்டுப் போங்க. பல்பின் கீழே வைத்துப் பார்த்துவிட்டு, கடை வாசலில் நேரடி வெயில் படாத இடத்திலும் பாருங்க. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி தெரிந்தால் நம்பி வாங்கலாம்.

செல்போனில் ஒரு சோதனை

மலிவான சில எல்இடி பல்புகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தலைவலி, கண் சோர்வு வரலாம். பல்பை எரியவிட்டு செல்போன் கேமராவை அருகில் காட்டுங்க. திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த பல்பு வேண்டாம். 'ஐஎஸ் 16102' என்ற தர எண்ணும், மின்சிக்கன நட்சத்திரக் குறியும் பெட்டியில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

எங்கே தொங்கவிடுவது?

தலைக்குப் பின்னால் லைட் இருந்தால் நெய்பவரின் நிழலே துணியில் விழும். கண்ணுக்கு நேரே இருந்தால் கூசும். ஜரிகை வேறு பளபளத்து இழையை மறைக்கும். இடமும் வலமுமாக, அச்சுக்கு முன்னால், நாடா ஓடும் பகுதியைப் பார்த்தபடி இரண்டு மூடியிட்ட பல்புகள் வைப்பது நல்லது. ஒரு பக்க நிழலை இன்னொரு பக்க வெளிச்சம் நீக்கிவிடும். அறுந்த இழையைத் தேடும்போது மட்டும் ஒரு லைட்டை அணைத்துவிட்டால், சாய்வாக விழும் வெளிச்சத்தில் இழையின் மேடுபள்ளம் தெளிவாகத் தெரியும்.

இன்னொரு வழி நாலடி எல்இடி டியூப். சேலையின் அகலமும் கிட்டத்தட்ட நாலடிதான் என்பதால், துணிக்கு இணையாகக் குறுக்கே மாட்டினால் கரை முதல் கரை வரை சீரான வெளிச்சம் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை: தறி ஆட்டத்தில் ஒயர் இணைப்புகள் தளரும். குழியில் ஈரமும் இருக்கலாம். ஒட்டுப்போட்ட ஒயர் வேண்டாம். கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவி வீட்டில் இருப்பது பாதுகாப்பு.

செலவு எவ்வளவு ஆகும்?

கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம், 2023-ல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. 9 வாட் பல்பு இரண்டு, தினமும் 10 மணி நேரம் எரிந்தால் 60 நாளுக்கு 11 யூனிட்கூட ஆகாது. பழைய 60 வாட் பல்பு ஒன்றே 36 யூனிட் எடுக்கும், சூடும் அதிகம். எனவே 'கரண்ட் பில் ஏறும்' என்று வெளிச்சத்தைக் குறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

மொத்தத்தில், இரண்டு நல்ல பல்பு, இரண்டு மூடி, உறுதியான ஒயர் என எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை இது. பல நாள் உழைப்பில் உருவாகும் ஒரு சேலையையும், அதைவிட முக்கியமாக நெய்பவரின் கண்ணையும் காப்பாற்ற இது பெரிய செலவு இல்லை.